செபீடு விண்மீனை ஏன் அகச்சிவப்பில் அளக்கிறோம்? – கேள்வி பதில்

விண்மீன்களின் தூரத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் அளப்பது பற்றிக் கேள்வி கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நினைத்ததைவிட அதிகமாகவே வந்துவிட்டன. பிரகாசம் ஏறி இறங்கும் மாறொளி விண்மீன்களின் அகச்சிவப்புத் தரவுகளோடு பல ஆண்டுகள் வேலை செய்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பதில்களை எழுதுகிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவர், நாமக்கல்): அக்கா, ஒரு நட்சத்திரம் கூடிக் குறைந்து எரிவதை வைத்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

தம்பி, இருட்டில் தூரத்தில் ஒரு பல்பு தெரிகிறது என்று வை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் எரியும் ஜீரோ வாட் பல்பா, ஊர்க்கோடியில் எரியும் நூறு வாட் பல்பா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. பல்பின் வாட் தெரிந்துவிட்டால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். பத்து மடங்கானால் நூறில் ஒன்றாகும்.

விண்மீன்களின் மேல் வாட் அச்சடித்திருப்பதில்லை. ஆனால் செபீடு என்ற வகை விண்மீன்கள் அதைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. அவை ஓர் ஒழுங்கில் விரிந்து சுருங்குகின்றன, பிரகாசமும் கூடவே ஏறி இறங்குகிறது. ஒருமுறை ஏறி இறங்க மூன்று நாள் எடுப்பவை உண்டு, நாற்பது நாள் எடுப்பவையும் உண்டு. மெதுவாகத் துடிப்பது பெரிய விண்மீன், அதனால் அதன் ஒளியும் அதிகம். பத்து நாள் துடிப்புள்ள ஒரு செபீடு சூரியனைப்போலச் சில ஆயிரம் மடங்கு ஒளி வீசும். நாளை எண்ணினால் வாட் தெரிந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். பெரிய மகெல்லன் மேகம் என்ற குட்டி விண்மீன் மண்டலம் நம்மிடமிருந்து சுமார் 1,62,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அங்கே 20 நாளில் துடிக்கும் ஒரு செபீடையும், என்ஜிசி 4258 என்ற விண்மீன் மண்டலத்தில் அதே 20 நாளில் துடிக்கும் இன்னொன்றையும் ஒப்பிட்டால், இரண்டாவது சுமார் 23,000 மடங்கு மங்கலாக இருக்கும். 23,000-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 152. அதை 1,62,000-ஆல் பெருக்கு. சுமார் 2.46 கோடி ஒளியாண்டு வரும்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருச்சி): இந்தத் தொடர்பை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு பெண் என்று கேள்விப்பட்டேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. அவர் பெயர் ஹென்ரியேட்டா ஸ்வான் லெவிட். அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில், மணிக்கு 30 சென்ட் சம்பளத்தில், கண்ணாடித் தகடுகளில் பதிந்த விண்மீன் படங்களை அளக்கும் வேலை பார்த்தார். அவருக்கு வந்த தகடுகள் பெரு நாட்டில் அரெகிப்பா என்ற ஊரிலிருந்த ஹார்வர்டின் தென்கோள நிலையத்தில் எடுத்தவை. இரண்டு இரவுகளின் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எந்தப் புள்ளியின் அளவு மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். 1908-இல் இரண்டு மகெல்லன் மேகங்களிலும் சேர்த்து 1,777 மாறொளி விண்மீன்களின் பட்டியலை வெளியிட்டார். எண்ணிப் பாருங்கள், எல்லாம் கண்ணால் பார்த்து, கையால் எழுதியது.

1912-இல் சிறிய மகெல்லன் மேகத்திலுள்ள 25 விண்மீன்களைத் தனியே எடுத்து அவற்றின் துடிப்புக் காலத்தையும் பிரகாசத்தையும் வரைபடத்தில் குறித்தார். காலம் 1.25 நாள் முதல் 127 நாள் வரை. புள்ளிகள் நேர்கோட்டில் வந்து நின்றன. அந்த 25-ம் ஒரே மேகத்துக்குள் இருப்பதால் எல்லாமே நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம். அதனால் அங்கே பிரகாசமாகத் தெரிவது உண்மையிலும் பிரகாசமானதுதான். ஒரே மேகத்துக்குள் ஒப்பிட வேண்டும் என்று அவர் பிடித்த அந்த இடம்தான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். அறிக்கை வானாய்வக இயக்குநர் பிக்கரிங்கின் கையொப்பத்தோடு வெளிவந்தது. தயாரித்தவர் லெவிட் என்று அதில் சொல்லியிருந்தது.

லெவிட்டுக்குக் காது படிப்படியாகக் கேட்காமல் போனது. 1921-இல் இறந்தார். 1925-இல் சுவீடன் நாட்டுக் கணித மேதை மிட்டாக்-லெஃப்லர், நோபல் பரிசுக்கு அவர் பெயரை முன்மொழிய விரும்பிக் கடிதம் எழுதினார். அவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. காலத்துக்கும் பிரகாசத்துக்கும் உள்ள இந்த உறவை இன்று பலர் லெவிட் விதி என்றே எழுதுகிறோம். நானும் அப்படித்தான் எழுதுவேன்.

கேள்வி: எதற்காக அந்த விண்மீன் விரிந்து சுருங்க வேண்டும்?

உலை கொதிக்கும்போது மூடியைப் பார்த்திருப்பீர்கள். ஆவி சேரச் சேர மூடி மேலே எழும்பும், ஆவி வெளியேறியதும் கீழே விழும், மறுபடி எழும்பும். செபீடுக்குள் அந்த மூடி ஹீலியம் அடுக்கு. விண்மீன் சுருங்கும்போது அந்த அடுக்கு சூடேறி, ஹீலியம் தன் இரண்டாவது எலக்ட்ரானையும் இழக்கிறது. அப்போது அது ஒளியை வெளியே விடாமல் மறிக்கிறது. உள்ளே தேங்கும் வெப்பம் அடுக்கை வெளியே தள்ளுகிறது. விரிந்து குளிர்ந்ததும் ஹீலியம் எலக்ட்ரானைத் திரும்பப் பிடித்துக்கொள்ள, அடுக்கு ஒளியை விட்டுவிடுகிறது. பிறகு ஈர்ப்பு அதை மறுபடி உள்ளே இழுக்கிறது.

கேள்வி (இயற்பியல் ஆசிரியர், திருநெல்வேலி): சரி மேடம், சாதாரண ஒளியிலேயே இதைச் செய்யலாமே. அகச்சிவப்பு எதற்கு? கூடுதலாக என்ன கிடைக்கிறது?

ஐயா, அகச்சிவப்பில் கூடுதலாகக் கிடைப்பதைவிட, அங்கே காணாமல் போகிற தொல்லைகள்தான் எங்களுக்கு முக்கியம். முதல் தொல்லை தூசு.

விண்மீன்களுக்கு இடையே கரியும் மணலும் கலந்த நுண்துகள் நிறைய மிதக்கிறது. அது ஒளியை விழுங்கிச் சிதறடிக்கிறது. ஒரு விண்மீனின் ஒளி, வழியில் தூசால் 60 சதவீதம் குறைந்து 40 சதவீதமே மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். இது அரிதான நிலை இல்லை, பால்வீதித் தளத்தில் சாதாரணம். அது தெரியாமல் கணக்குப் போட்டால் தூரம் 58 சதவீதம் கூடுதலாக வரும். அதே தூசு வழியாக, அதே விண்மீனை 2.2 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) அலைநீளத்தில் பார்த்தால் ஒளி 10 சதவீதம்தான் குறையும். தூசை மறந்தேவிட்டாலும் தூரத்தில் பிழை 5 சதவீதம். 3.6 மைக்ரானுக்குப் போனால் ஏறக்குறைய 3 சதவீதம். தூசை யாரும் மறக்கப் போவதில்லை, திருத்தத்தான் செய்வார்கள். ஆனால் 58-ஐத் திருத்துவதில் வரும் பிழையும் 3-ஐத் திருத்துவதில் வரும் பிழையும் ஒன்றல்ல.

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது, வெப்பநிலை. ஒரு செபீடின் மேற்பரப்பு ஒவ்வொரு துடிப்பிலும் ஆயிரம் கெல்வின் அளவுக்குச் சூடேறிக் குளிரும். சுமார் 6,000 கெல்வின் உள்ள ஒரு பொருளின் வெப்பநிலை 10 சதவீதம் கூடினால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதன் பிரகாசம் 50 சதவீதம் கூடிவிடும். 3.6 மைக்ரானில் 14 சதவீதம்தான் கூடும். சூடான பொருள் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி வீசும் என்று சொல்லும் பிளாங்க் விதியை வைத்து உங்கள் மாணவர்களே இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு போதும். அதாவது சாதாரண ஒளியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் வெப்பநிலையின் ஏற்ற இறக்கம். அகச்சிவப்பில் பார்ப்பது பெரும்பாலும் விண்மீனின் அளவு. ஒரே துடிப்புக் காலமுள்ள இரண்டு செபீடுகளில் ஒன்று கொஞ்சம் சூடாகவும் மற்றது கொஞ்சம் குளிர்ந்தும் இருக்கும். சாதாரண ஒளியில் அந்த வித்தியாசத்தால் லெவிட்டின் கோடு தடித்த பட்டையாகத் தெரியும். அகச்சிவப்பில் அது மெலிந்து நிஜமான கோடாகிவிடும்.

இதனால் இன்னொரு வசதியும் உண்டு. சாதாரண ஒளியில் ஒரு செபீடின் சராசரிப் பிரகாசம் தெரிய வேண்டுமானால் முழுத் துடிப்பையும் பல இரவுகள் பின்தொடர வேண்டும். அகச்சிவப்பில் ஏற்ற இறக்கம் அதில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோதான். காலம் ஏற்கெனவே தெரிந்திருந்தால் நாலைந்து முறை பார்த்தாலே சராசரி கையில் வந்துவிடும். தொலைநோக்கி நேரம் எவ்வளவு அரிது என்று தெரிந்தவர்களுக்கு இது எத்தனை பெரிய விஷயம் என்று புரியும்.

1982-இல் மெக்கோனகல், மெக்கலாரி, மடோர், மெக்லாரன் ஆகிய நால்வரும் அண்மை அகச்சிவப்பில் (கண் பார்க்கும் ஒளியை ஒட்டிய அகச்சிவப்பில்) லெவிட் கோடு எவ்வளவு மெலிகிறது என்று காட்டினார்கள். இந்தத் துறைக்குள் வருபவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது அந்தச் சிறிய கட்டுரையைத்தான்.

கேள்வி: அகச்சிவப்பு என்றால் வெப்பம்தானே? தெர்மல் கேமராவில் பார்ப்பது மாதிரியா?

அந்த அளவுக்குப் போவதில்லை. நம் கண் பார்ப்பது 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. செபீடுகளுக்கு நாங்கள் அதிகம் பயன்படுத்துவது 1.2, 1.6, 2.2, 3.6 மைக்ரான்கள். தெர்மல் கேமரா 10 மைக்ரான் பக்கம் வேலை செய்வது.

கேள்வி (பொறியியல் மாணவர், கோவை): அலைநீளம் கூடக்கூட நல்லது என்றால் 3.6-இல் ஏன் நிற்க வேண்டும்? 4.5 இன்னும் நல்லதாக இருக்க வேண்டுமே?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஸ்பிட்ஸர் விண்வெளித் தொலைநோக்கியில் 3.6, 4.5 மைக்ரான் என்ற இரண்டு அலைநீளப் பட்டைகளும் இருந்தன. 4.5-இல் கார்பன் மோனாக்சைடு குறுக்கே வருகிறது. குளிர்ந்த செபீடின் வளிமண்டலத்தில் அந்த மூலக்கூறு உருவாகி, சரியாக அந்த அலைநீளத்தில் ஒளியை விழுங்குகிறது. விண்மீன் சூடேறினால் மூலக்கூறு உடைந்துபோகிறது, குளிர்ந்தால் மறுபடி சேர்கிறது. அதனால் 4.5-இல் பிரகாசம் வெப்பநிலையையும் விண்மீனில் உள்ள கார்பன், ஆக்சிஜன் அளவையும் சார்ந்துவிடுகிறது. எதிலிருந்து தப்பிக்க அகச்சிவப்புக்கு வந்தோமோ அதே தொல்லை பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது. ஆகவே தூரத்துக்கு 3.6.

கேள்வி: அகச்சிவப்பில் ஏற்ற இறக்கம் குறைவு என்றீர்கள். அப்படியானால் அது மாறொளி விண்மீன் என்று அங்கே கண்டுபிடிப்பதே சிரமம் இல்லையா?

சிரமம்தான். அதனால் கண்டுபிடிக்கும் வேலையைச் சாதாரண ஒளியில் செய்கிறோம். அங்கே செபீடு நன்றாகத் துடிக்கும், காலத்தைத் துல்லியமாக எடுக்கலாம். அப்புறம் அதே விண்மீனை அகச்சிவப்பில் அளக்கிறோம். கடிகாரம் ஒரு நிறத்தில், அளவுகோல் இன்னொரு நிறத்தில்.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், யாழ்ப்பாணம்): தூசினால் உண்மையிலேயே பெரிய தவறு நடந்ததுண்டா, இல்லை இது கோட்பாட்டளவில் மட்டும்தானா?

நடந்தது ஐயா, அதுவும் மிகப் பெரிதாக. 1923 அக்டோபரில் எட்வின் ஹபிள், மவுண்ட் வில்சனின் நூறு அங்குலத் தொலைநோக்கியில் ஆண்ட்ரோமெடாவுக்குள் ஒரு செபீடைக் கண்டார். அதை வைத்து அவர் கணக்கிட்ட தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. ஆண்ட்ரோமெடா நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி உலகம் என்று நிரூபிக்க அது போதும். ஆனால் உண்மையான தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு.

ஏன் அவ்வளவு குறைந்தது? அன்று அளவுகோலுக்கு அடிப்படையாக வைத்திருந்த பால்வீதிச் செபீடுகளின் ஒளியைத் தூசு குறைத்திருந்தது, அதைத் திருத்தவில்லை. அதனால் செபீடுகள் உண்மையில் உள்ளதைவிட மங்கலானவை என்று எண்ணிக்கொண்டார்கள். பந்துபோலத் திரண்ட விண்மீன் கூட்டங்களான கோளக் கொத்துகளில் உள்ள, பார்க்க அதே போலத் துடிக்கும் ஒரு மூத்த வகை உண்மையாகவே மங்கலானது. அந்த இரண்டும் எண்களில் ஒத்துப்போய்விட்டன! ஒரு தவறு இன்னொரு தவறுக்குச் சாட்சி சொன்னது. விண்மீன்களுக்கு இடையே தூசு இருக்கிறது என்று டிரம்ப்லர் 1930-இல் நிறுவிய பிறகும் இந்த முடிச்சு அவிழவில்லை. 1952-இல் வால்டர் பாடேதான் இவை இரண்டு வெவ்வேறு வகை என்று அறிவித்தார். பிரபஞ்சத்தின் தூரங்கள் ஒரே நாளில் இரண்டு மடங்காயின.

கேள்வி: பால்வீதியின் மையத்திலும் செபீடுகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. ஆனால் சாதாரண ஒளியில் ஒருநாளும் பார்க்க முடியாது. மையத்திலிருந்து கிளம்பும் லட்சம் கோடி ஒளித்துகள்களில் ஏறக்குறைய ஒன்றுதான் தூசைத் தாண்டி நம்மை வந்தடைகிறது. 2.2 மைக்ரானில் பத்தில் ஒன்று வந்துவிடுகிறது. நொரியுகி மட்சுனகா தலைமையிலான குழு தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்தில் உள்ள 1.4 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கியால் மையத்தில் மூன்று செபீடுகளைக் கண்டு 2011-இல் வெளியிட்டது. மூன்றுக்கும் காலம் 20 நாளை ஒட்டியே. செபீடின் காலம் அதன் வயதையும் சொல்லும். 20 நாள் என்றால் சுமார் 2.5 கோடி வருடம். அப்போது அங்கே விண்மீன்கள் நிறையப் பிறந்திருக்க வேண்டும் என்று புரிந்தது. தூரம் அளக்கப் போனவர்களுக்கு வரலாறும் சேர்ந்து கிடைத்தது.

கேள்வி (மென்பொருள் பொறியாளர், சிங்கப்பூர்): ஹபிள், ஸ்பிட்ஸர், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிகள் மூன்றும் இதில் என்ன செய்தன? அகச்சிவப்பில் குறையே இல்லையா?

குறை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். அலைநீளம் கூடினால் படத்தின் கூர்மை குறையும். ஹபிளின் ஆடி 2.4 மீட்டர். 1.6 மைக்ரானில் அதன் படம், சாதாரண ஒளியில் இருப்பதைவிட மூன்று மடங்கு மங்கிக் கலங்கும். அத்தோடு அகச்சிவப்பில் பளிச்சென்று எரிபவை வயதான சிவப்புப் பெருவிண்மீன்கள். தூரத்து விண்மீன் மண்டலத்தில் அவை லட்சக்கணக்கில் மொய்த்துக் கிடக்கும். நம் செபீடு திருவிழாக் கூட்டத்தில் ஒரு தலை. பக்கத்தில் இருப்பவற்றின் ஒளியையும் சேர்த்து அளந்துவிட்டால் செபீடு அதிகப் பிரகாசமாகத் தெரியும், தூரம் குறைந்துவிடும்.

ஸ்பிட்ஸரின் ஆடி 85 சென்டிமீட்டர்தான். 2003-இல் ஏவப்பட்டது. 2009-இல் குளிரூட்டும் ஹீலியம் தீர்ந்த பிறகும் 3.6, 4.5 பட்டைகள் மட்டும் தொடர்ந்து வேலை செய்தன. செபீடுகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். வெண்டி ஃப்ரீட்மன் குழு பால்வீதியில் 10, பெரிய மகெல்லன் மேகத்தில் 80 செபீடுகளை வைத்து அளவுகோலை அகச்சிவப்பில் புதிதாக நிறுவியது. 2012-இல் வந்த முடிவு, பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலி 74.3.

தூரத்து மண்டலங்களுக்கு ஹபிள். 2009-இல் பொருத்திய புதிய கேமராவின் 1.6 மைக்ரான் பட்டையில் ஆடம் ரீஸ் குழு, சூப்பர்நோவா என்ற விண்மீன் வெடிப்பு நடந்த மண்டலங்களின் செபீடுகளை வருடக்கணக்காக அளந்தது. அங்கேதான் கூட்டநெரிசல் பற்றிய சந்தேகமும் எழுந்தது. படத்துக்குள் செயற்கை விண்மீன்களைப் போட்டு, அவை எவ்வளவு கூடுதலாகத் தெரிகின்றன என்று பார்த்து அவர்கள் திருத்தினார்கள். ஆனால் அந்தத் திருத்தத்தை நம்பலாமா?

வெப் வந்து பதில் சொன்னது. 6.5 மீட்டர் ஆடி என்பதால் 1.6 மைக்ரானில் ஹபிளைவிடச் சுமார் 2.7 மடங்கு கூர்மை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட செபீடுகளை, 13 கோடி ஒளியாண்டு தூரத்திலுள்ள என்ஜிசி 5468 வரை, மறுபடி அளந்தார்கள். தனித்தனி விண்மீன்களின் சிதறல் வெகுவாகக் குறைந்தது. சராசரி அப்படியே இருந்தது. அதாவது ஹபிளின் திருத்தம் சரி. இந்த முடிவு 2024-இல் வெளிவந்தது. அந்த இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்துபோனது. ஹபிள் படத்தில் புகைபோல இருந்த இடத்தில் வெப் படத்தில் புள்ளி புள்ளியாக விண்மீன்கள்.

கேள்வி: எல்லாமே ஒப்பீடு என்றால், முதல் தூரத்தை யார் சொல்வது?

வடிவியல்தான். பெரிய மகெல்லன் மேகத்தில் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களை வைத்துப் போலந்தின் பியெட்ஸின்ஸ்கி குழு அதன் தூரத்தை 2019-இல் ஒரு சதவீதத் துல்லியத்தில் அளந்தது. என்ஜிசி 4258-இன் நடுவில் கருந்துளையைச் சுற்றிவரும் நீராவியின் ரேடியோ ஒளிர்வை வைத்து அதன் தூரம் தெரியும். நம் பால்வீதிச் செபீடுகளுக்கு கையா விண்கலம் இடமாறு தோற்றத்தை, அதாவது பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் சற்று இடம் மாறித் தெரிவதை, அளந்து தந்தது. இந்த மூன்றும் ஒன்றை ஒன்று சார்ந்தவையல்ல, ஆனாலும் ஒத்துப்போகின்றன.

கேள்வி (ஆய்வு மாணவர், சென்னை): ஹபிள் மாறிலிச் சிக்கலில் உங்கள் சொந்தக் கருத்து என்ன?

மற்றவர்களுக்காக முதலில் சிக்கல் என்னவென்று சொல்லிவிடுகிறேன். 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு ஒரு விண்மீன் மண்டலம் நொடிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது என்பதுதான் ஹபிள் மாறிலி. செபீடு, சூப்பர்நோவா வழியில் ரீஸ் குழுவுக்கு 2022-இல் கிடைத்தது 73.04, பிழை 1.04. பிரபஞ்சத்தின் ஆரம்பகால ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் வழியில் வருவது 67.4, பிழை 0.5. இரண்டும் தற்செயலாக விலகியிருக்கின்றன என்று சொல்ல முடியாத அளவுக்கு இடைவெளி.

கூட்டநெரிசலால் வந்த மாயை என்ற விளக்கம் வெப் முடிவுக்குப் பிறகு நிற்காது என்பது என் கருத்து. தூசும் 1.6 மைக்ரானில் இவ்வளவு பெரிய இடைவெளியை உண்டாக்காது. ஆனால் இதை வைத்தே புது இயற்பியல் வந்துவிட்டது என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. 2012-இல் 74.3 என்று சொன்ன ஃப்ரீட்மனின் குழுவே, வெப் தரவில் செபீடோடு வேறு இரண்டு வகை விண்மீன்களையும் சேர்த்துப் பார்த்து 70-ஐ ஒட்டிய எண்ணைச் சொல்கிறது. தன் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிராமல் தரவு போகும் பக்கம் போகிறவர்கள்மேல் எனக்கு மரியாதை அதிகம். நீங்கள் ஆய்வு மாணவர் என்பதால் ஒன்று சொல்கிறேன்: செபீடைத் தொடாத, ஆனால் அதே தூரத்தை அளக்கிற ஒரு வழியில் வேலை செய்யுங்கள். அங்கேதான் இப்போது ஆள் தேவை.

கேள்வி: அப்படி வேறு எந்த மாறொளி விண்மீன்கள் இருக்கின்றன?

இரண்டைச் சொல்வேன். ஒன்று ஆர்ஆர் லைரே வகை. ஒரு நாளுக்குள் துடித்துவிடும், வயதான விண்மீன்கள். சாதாரண ஒளியில் எல்லாமே ஏறக்குறைய ஒரே பிரகாசம், காலத்தோடு உறவே தெரியாது. அகச்சிவப்புக்குப் போனால் திடீரென்று நேர்கோடு வந்து நிற்கும்! காரணம் முன்பு சொன்னதுதான். நீண்ட காலமுள்ளது பெரியது, ஆனால் குளிர்ந்தது. சாதாரண ஒளியில் குளிர்ச்சியானது பெரிய அளவின் பலனை ரத்து செய்துவிடுகிறது; அகச்சிவப்பில் அளவு வென்றுவிடுகிறது. கேட்டை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் சிறிய தொலைநோக்கியில் பஞ்சுபோலத் தெரியும் எம்4 கொத்து, விருச்சிகத்தின் தூசுக்குப் பின்னால் இருக்கிறது. சுமார் 6,000 ஒளியாண்டு. அதன் ஆர்ஆர் லைரே விண்மீன்களை ஸ்பிட்ஸர் அளந்து இந்தக் கோட்டை அழகாகக் காட்டியது.

இன்னொன்று மிரா வகை. காலம் நூறு நாளிலிருந்து பல நூறு நாள் வரை. 1596-இல் ஃபாப்ரிஷியஸ் கண்ட மிராவுக்கே 332 நாள். இவை அகச்சிவப்பில்தான் அதிகம் எரிகின்றன, எல்லா வகை விண்மீன் மண்டலத்திலும் இருக்கின்றன. செபீடு இளம் விண்மீன், அது இல்லாத மண்டலங்கள் உண்டு. மிராவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பொறுமைதான் வேண்டும், ஒரு துடிப்பைப் பார்க்கவே ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

கேள்வி: விண்மீனில் உள்ள உலோக அளவு குழப்பம் தராதா?

தரும். இரும்பு போன்ற கனமான தனிமங்கள் அதிகமுள்ள செபீடு, அதே காலத்தில் கொஞ்சம் கூடுதல் பிரகாசமாக இருக்கிறது. அகச்சிவப்பிலும் இது முழுதாக மறைவதில்லை. நிறமாலையில் உலோகத்தை அளந்து திருத்துகிறோம்.

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியை, வாணியம்பாடி): எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் காவலூர் ஆய்வகம். அங்கே இந்த வேலை நடக்குமா?

ஜவ்வாது மலையில் உள்ள வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி சாதாரண ஒளிக்கானது. அகச்சிவப்புக்கு எதிரி நீராவி. காற்றிலுள்ள ஈரம் அகச்சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடும், மிச்சமிருப்பவை சில சன்னல்கள். அதனால் உயரமான, வறண்ட இடம் வேண்டும். லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. அதில் அண்மை அகச்சிவப்புக் கருவி உண்டு. உத்தராகண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கியிலும் 3.7 மைக்ரான் வரை பார்க்கும் கேமரா பொருத்தியிருக்கிறார்கள். 3 மைக்ரானைத் தாண்டினால் தரையிலிருந்து பார்ப்பது இன்னும் கஷ்டம், காற்றும் தொலைநோக்கியுமே அந்த நிறத்தில் ஒளிரும். பகல் வெளிச்சத்தில் விண்மீன் தேடுவது போல. அதனால்தான் ஸ்பிட்ஸரும் வெப்பும் விண்வெளிக்குப் போயின.

உங்கள் மாணவர்களைக் காவலூருக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். பெரிய ஆடியை நேரில் பார்த்த பிள்ளை அதை மறப்பதில்லை.

கேள்வி (முதல் கேள்வி கேட்ட அதே மாணவர்): அக்கா, கருவி எதுவும் இல்லாமல் வெறும் கண்ணால் ஒரு செபீடைப் பார்க்க முடியுமா?

முடியும் தம்பி. ஆவணி, புரட்டாசி மாதங்களில் இரவு எட்டு மணி வாக்கில் உச்சிக்கு அருகே திருவோணத்தைத் தேடு. மூன்று விண்மீன்கள் வரிசையாக இருக்கும், நடுவில் இருப்பது நல்ல பிரகாசம். அங்கிருந்து நேர் தெற்கே கையை நீட்டி முஷ்டி பிடித்தால், அதன் அகலத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் தனியாக ஒன்று தெரியும். அதுதான் ஈட்டா அக்விலே. 1784 செப்டம்பரில் எட்வர்ட் பிகாட் அது மாறுவதைக் கண்டார். அடுத்த மாதமே அவருடைய நண்பர் ஜான் குட்ரிக், செபீடு என்ற பெயருக்கே காரணமான டெல்டா செபேயைக் கண்டார். குட்ரிக்குக் காது கேட்காது, அப்போது வயது இருபது.

ஈட்டா அக்விலேயின் பிரகாசம் 3.5 மேக்னிட்யூடிலிருந்து 4.4 வரை இறங்கி ஏறும். எண் கூடினால் மங்கல் என்று அர்த்தம். ஒரு சுற்றுக்கு 7 நாளும் நாலேகால் மணி நேரமும். திருவோண வரிசையில் மங்கலான கடைசி விண்மீன் 3.7. ஒவ்வொரு இரவும் ஒரே நேரத்தில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, எது பிரகாசம், எவ்வளவு வித்தியாசம் என்று நோட்டில் எழுது. நிலா பெரிதாக உள்ள நாட்களை விட்டுவிடு. மேகம் வந்து ஓரிரு நாள் தவறினாலும் பரவாயில்லை. மூன்று வாரம் எழுதிய பிறகு வரைபடத் தாளில் புள்ளி வைத்துப் பார், வேகமாக ஏறி மெதுவாக இறங்கும் ஒரு வளைவு வரும். வந்ததும் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு.